சுவரோர பெஞ்சு

உறையூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரஞ்சனி அப்பாவுக்கு,

செண்பகவல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் ஏதோ இருக்கிறோம். உங்களுக்கு அந்த இருமல் விட்டதா? இவள் ஏன் போனில் பேசாமல் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ரஞ்சனியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆரம்பித்தால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. போன் பேசும்போது அவளும் பக்கத்திலேயே இருக்கிறாள். அப்துல் சுக்கூர் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ரஞ்சனியை முதல் பெஞ்சிலிருந்து சுவரோரம் மாற்றிவிட்டார்கள் என்றதும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் லிசி டீச்சருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டீர்கள். "என் புள்ளைய மூலையில உக்கார வைக்க நீங்க யாருங்க?" என்று நீங்கள் கத்தியதை எல்லாப் பெற்றோரும் கேட்டார்கள். அதன்பிறகு நான் எது கேட்டாலும் டீச்சரிடமிருந்து 'சரி' என்று ஒரு சொல்தான் வந்தது.

ஸ்கேன் சென்டர் வேலையில் பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் என்னிடம் தனியாகப் பேசவில்லை. ஹெச்.எம். அறையில், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மார்க்கை மட்டும் வாசித்தார். எனக்கும் கோபம்தான் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். அது திமிர் இல்லை, பயம் என்று பட்டது. நம்மைக் கண்டு ஒருவர் பயப்படும்படி ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

மறுபடியும் போனேன். இந்த முறை மார்க்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மிஸ், அவங்க அப்பா பேசினது தப்புதான். நான் சண்டைக்கு வரலைங்க. நான் புத்தூர்ல வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவ அசந்து போயிடறா. பகல் பூரா நீங்கதான் பாக்குறீங்க. கிளாஸ்ல அவ எப்படி இருக்கா, சொல்லுங்க" என்றேன். டீச்சர் சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு "உக்காருங்கம்மா" என்றார்.

வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் ரஞ்சனி திரும்புவதில்லையாம். டிக்டேஷனில் பாதியை விட்டுவிடுகிறாளாம். கேட்காத காது சுவர்ப் பக்கமும், கேட்கிற காது வகுப்புப் பக்கமும் இருக்கட்டும் என்றுதான் அங்கே உட்கார வைத்தாராம். சரியாகத் தெரியாமல் நம்மைப் பயமுறுத்த வேண்டாமென்று, கொஞ்ச நாள் கவனித்துவிட்டு என்னைக் கூப்பிட இருந்தாராம். அதற்குள் உங்கள் குரல் வந்துவிட்டது. "அப்புறம் எனக்கு வாய் வரலம்மா. ஆனா சொல்லியிருக்கணும்" என்றார்.

காது டாக்டரிடம் காட்டிவிட்டேன். சளி பிடிக்கும்போதெல்லாம் சீழ் வருமே, அந்தக் காதின் ஜவ்வில் ஓட்டையாம். இப்போதைக்குச் சொட்டு மருந்து. பரீட்சை முடிந்ததும் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகக் கேட்க வாய்ப்பிருக்கிறது என்கிறார்.

ஏண்டி என்னிடம் சொல்லவில்லை என்று ரஞ்சனியைக் கேட்டேன். "சொன்னா அப்பா போன்ல உன்னத் திட்டுவாரு, நீ அழுவ" என்றாள்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து உங்களால் பேசத்தானே முடியும். ஆனால் இனி பள்ளி விஷயம் எதுவானாலும் முதலில் என்னிடம் கேளுங்கள். நான் டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன். அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னாலும் திட்டினீர்கள், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு அம்மா, அப்பா இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்து போதுமாம். நான் போட்டுவிடுவேன். இந்த வருஷம் லீவு கிடைக்காது என்று முன்பே சொல்லிவிட்டீர்கள், அதனால் நான் எதுவும் கேட்கவில்லை. ரஞ்சனிதான், அன்றைக்குக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நீ இருப்ப, அந்தப் பக்கம் யாரும்மா இருப்பா என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெக்காளியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வல்லி