கழன்று வராத செல்கள்

மார்ச் 4, செவ்வாய்

வின்குலின் என்றால் என்ன என்று கணவர் கேட்டார். பல் தேய்த்துக்கொண்டே விளக்கினேன். தலையும் வாலும் உள்ள புரதம். சும்மா இருக்கும்போது தலை வாலைப் பிடித்துக்கொண்டு மடங்கிக் கிடக்கும். செல்லை எதுவாவது இழுத்தால் விரிந்துவிடும். தலை செல்லின் ஓரத்துப் பிடிமானத்தையும், வால் உள்ளே ஓடும் ஆக்டின் இழைகளையும் பற்றிக்கொள்ளும். செல் உறுதியாக ஒட்டி நிற்பது அதனால்தான். நான் என் செல்களில், தலை வாலைப் பிடிக்கும் அந்தப் பிடியைக் கெடுத்து வைத்திருக்கிறேன். என் வின்குலின் எப்போதும் விரிந்தே இருக்கும். செல்கள் இன்னும் இறுக்கமாக ஒட்ட வேண்டும்.

“ஒட்டுதா?” என்றார்.

அதைத்தான் கேட்கக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

ஆய்வகத் தலைவர் மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “இந்த மாசத்துக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா மூடிடலாம்மா. மீசையோட ஆராய்ச்சியில சேர்ந்துக்கோ.”

மீசை பக்கத்து மேசைக்காரன். நல்லவன்தான். அதற்காக என் ஆராய்ச்சியை நான் ஏன் விட வேண்டும்?

மார்ச் 12, புதன்

எரிச்சல். செல்களைத் தட்டிலிருந்து உரித்து எடுத்தால்தானே சோதனையே தொடங்க முடியும்? உரிக்கிற கரைசலை ஊற்றிக் காத்திருந்தேன். அசையவில்லை. தட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். ம்ஹூம். கரைசல் பழசாகிவிட்டது போல. தட்டைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

புதுப் பாட்டில். அதே கதை. இந்தத் தட்டும் குப்பைக்குப் போனது. என் நேரமே சரியில்ல.

மார்ச் 17, திங்கள்

மீசையிடம் புலம்பினேன்.

“அந்தப் பாட்டிலா? காலையில நானும் அதத்தானே எடுத்தேன். ஊத்தித் திரும்புறதுக்குள்ள எல்லாம் கழண்டு வந்துடுச்சே!”

அவன் செல்கள் சாதாரணமானவை. என்னுடையவை —

ஐயோ! வரலன்னா ஒட்டிக்கிட்டிருக்குன்னுதானடி அர்த்தம்! கேட்ட கேள்விக்குப் பதில் வந்தும் ரெண்டு தடவ குப்பையில கொட்டியிருக்கேன். நான்லாம் எதுக்குப் படிச்சேன்?

விழுந்து விழுந்து சிரித்தேன். மீசை பயந்துவிட்டான். ஃப்ரீசரில் உறைய வைத்த என் செல்கள் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம்.

மார்ச் 24, திங்கள்

குப்பியில் இருந்தவை பிழைத்துக்கொண்டன. அப்பாடா.

மார்ச் 27, வியாழன்

மேடம் கண்ணெதிரே செய்தேன். இரண்டு தட்டு, ஒரே பாட்டில். சாதாரணச் செல்கள் உருண்டை உருண்டையாக மிதந்துவிட்டன. என்னுடையவை சப்பையாகப் பரவிக்கொண்டு, வாடகை தராமல் வீட்டைக் காலி செய்ய மறுக்கும் ஆட்களைப் போல, அப்படியே இருந்தன. மேடத்துக்கு நம்பிக்கை வரவில்லை. தானே தட்டை எடுத்து ஓர் அடி அடித்தார். மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

“இன்னும் இருக்குடி!”

இத்தனை வருடத்தில் அவர் என்னை ‘டி’ போட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 9, புதன்

வேலை இரண்டு பங்காகிவிட்டது, இன்னோர் ஆள் தேவை என்று மேடத்திடம் சொன்னேன். மத்தியானம் மீசை தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டான்.