வீடியோவில் அறுந்த கயிறு

ஷாஹினாஸின் உம்மாவுக்கு ஸலாம்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் உன் தம்பி அமீனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் டீக்கடைத் தென்னையில் கட்டிய ஊஞ்சல் அறுந்து, அதில் ஆடிய பையன் கடற்கரைப் பாறையில் விழுந்த வீடியோவை ஊரே பார்த்த அன்று, "நம்ம பேரு நாறிப் போச்சு, இனி ஒரு டீ விக்காது" என்று சொல்லிவிட்டுத்தானே பிள்ளையோடு தேங்காப்பட்டணத்துக்கு உன் உம்மா வீட்டுக்குப் போனாய்? இப்போது வந்து பார். சாலை வளைவு வரை வண்டி நிற்கிறது. வீடியோவுக்குக் கீழே நம்மைத் திட்டி எழுதியவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

பையனுக்கு இடுப்பெலும்பு கூடி வருகிறதாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. கடையை விட்டு நகர முடியவில்லை.

மறுநாளே புதுக் கயிறு கட்டினேன், அதை நீ நம்ப வேண்டும். ஆனால் வந்தவர்கள் எல்லாம், "வீடியோவுல அறுந்த கயிறு எங்க, பாய்?" என்று கேட்டுவிட்டு, டீகூடக் குடிக்காமல் திரும்பினார்கள். பழையதையே முடிச்சுப் போட்டுக் கட்டித் தரும்படி நமக்குத் தென்னை ஏறும் சுயம்புராஜைக் கூப்பிட்டேன். "காக்கா, இது தாங்காது. நான் கெட்டமாட்டேன்" என்று இறங்கிப் போய்விட்டான்.

நானே கட்டினேன். இப்போது வரிசையில் நின்று ஏறுகிறார்கள். முடிச்சைத் தனியாகப் படம் எடுக்கிறார்கள்.

ஆள் ஆடும்போது அந்த முடிச்சு முனகுகிறது. கடலிரைச்சலில் மற்றவர்களுக்குக் கேட்பதில்லை.

வாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை அழுவதாக அமீன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வை. ஊஞ்சலில் மட்டும் ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பு.

உன் வீட்டுக்காரன்