வியர்த்த ஜாடி

ஆகஸ்ட் 11

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இது அவள் கையில் சிக்கினால் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம்தான்.

இன்று அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இந்த வருஷம் பெர்ரியைக் காயவைக்கிறது இவ பொறுப்பு." அக்காவை விட்டுவிட்டு என்னிடம்! அம்மாவின் வலது கையில் இன்னும் கட்டு. போன மாதம் முதல் பறிப்பைக் காயவைக்கும்போதுதான் கொதிநீர் கவிழ்ந்தது. பின்புறம் செடிகள் கருநீலமாகக் காய்த்துக் குலுங்குகின்றன. பனி விழுந்து பாதை மூடிவிட்டால், வசந்தம்வரை எங்களுக்குப் பழம் என்பது அந்த ஜாடிகளில் இருப்பதுதான்.

செய்துவிடுவேன். ஆனால் அந்த வெந்நீர் — கெட்டில் சீறினாலே நான் கூடத்துக்கு ஓடிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 14

பெர்ரித் தோலில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. கொதிநீரில் ஒரு முக்கு முக்கினால் தோல் வெடிக்கும்; அப்போதுதான் உள் ஈரம் வெளியேறும்.

நான் முக்கவில்லை. கழுவித் துடைத்து, அப்படியே தட்டில் பரப்பி ஓவனில் வைத்துவிட்டேன். ஆவி போகக் கதவிடுக்கில் மரக்கரண்டியைச் செருகினேன். "வெந்நீர்ல போட்டு எடுத்தியா?" என்று அம்மா படுக்கையிலிருந்து கேட்டாள். "ம்" என்றேன்.

"ம்" பொய்யாகுமா? ஆகும்.

ஆகஸ்ட் 16

சுருங்கிவிட்டன! ஜாடிகளில் நிரப்பி அலமாரியில் வரிசையாக வைத்தேன். அப்பா ஒன்றைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரன் தோத்தான் போ என்றார். நெஞ்சு நிமிர்ந்தது. பொய் மட்டும் நெஞ்சுக்குள் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 19

ஜாடி வியர்த்திருக்கிறது.

ஆகஸ்ட் 20

கண்ணாடியின் உள்பக்கம் பொடிப்பொடியாக நீர்த்துளி. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். மேலே காய்ந்த தோல், உள்ளே ஈரம். இப்படியே விட்டால் பூஞ்சணம்; ஒன்று கெட்டால் ஜாடியே கெடும். சொன்னால் 'இவ பொறுப்பு' போய்விடும். சொல்லாவிட்டால் பழமே போய்விடும். செடியில் இன்னும் பாதி பறிக்காமல் கிடக்கிறது. ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?

ஆகஸ்ட் 21

சொல்லிவிட்டேன். வெந்நீர்ப் பயத்தையும் சேர்த்து. அம்மா திட்டவில்லை.

"தெரியும்டி. படுத்த இடத்துலேருந்தே கிச்சன் ஜன்னல் தெரியும். அன்னைக்கு அதுல ஆவியே படியலையே."

தெரிந்தும் ஏன் மறுபடி கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா, போய் அடுப்புகிட்ட நில்லுன்னு சொல்லணும். எனக்கே அந்தப் பக்கம் போக நடுங்குது."

அம்மாவுக்குமா!

கதவருகில் அக்கா எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுவிட்டாள். "பயந்தாங்கொள்ளி" என்றாள். போய் இரண்டு கத்தரிக்கோலோடு வந்தாள். ஒவ்வொரு பெர்ரியையும் இரண்டாக வெட்டி மறுபடி ஓவனுக்கு அனுப்பினோம். அவள் வெட்டியதைவிட விழுங்கியது அதிகம். ஊதா நாக்கோடு திட்டினால் யாருக்குக் கோபம் வரும்?

ஆகஸ்ட் 23

மிச்சப் பழம். பெரிய பாத்திரம் வேண்டாமென்று நானே முடிவு செய்தேன். சின்னப் பாத்திரம், பாதித் தண்ணீர், பின்னால் இருக்கும் அடுப்பு. கைப்பிடி சுவர்ப் பக்கம். அம்மா நிலைப்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை.

வடிகட்டியில் ஒரு பிடி பெர்ரி. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். தோல் வெடித்தது கண்ணுக்கே தெரிந்தது! தூக்கிக் குளிர்ந்த நீரில் கொட்டினேன். அடுத்த பிடி. அதற்கடுத்தது. நிமிர்ந்தபோது ஜன்னல் முழுக்க ஆவி. அம்மா அதன்மேல் இடது கை விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது உள்ளே வந்தாள்?

செப்டம்பர் 2

தினமும் குலுக்கிப் பார்க்கிறேன். வியர்க்கவில்லை. ஒரு ஜாடிகூட.

டிசம்பர் 18

பாதை மூடிவிட்டது. காலையில் அம்மா முதல் ஜாடியைத் திறந்தாள். கட்டில்லாத வலது கையால். கோடையே வீட்டுக்குள் வந்த மாதிரி வாசனை. அப்பா அள்ளிய அள்ளலைப் பார்த்து, ஜாடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அக்கா, "நாங்க ரெண்டு பேரும் காயவெச்சது" என்றாளாம். நாங்களாம்! போகட்டும், வெட்டினாளே.

கஞ்சியில் போடுமுன் பழத்தை ஊறவைக்க வெந்நீர் வேண்டுமென்றாள் அம்மா. கெட்டிலை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். கஞ்சியைப் பாதி சாப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது — கெட்டில் சீறியபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.