அசையாத ஈக்கள்

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ நடு வரிகளைத் தாண்டிக்கொண்டு படிப்பாய். உனக்கு அம்மாவின் ஆட்டம் வராது.

நீ அனுப்பிய ரத்தத்தைப் பரிசோதித்தோம். அம்மாவின் கைகாலை ஓயவிடாமல் ஆட்டிவைத்த மரபணுப் பிழை உன்னிடம் இருக்கிறது. பயப்படாதே, மேலே படி. கூடவே இன்னொரு பிழையும் இருக்கிறது. அது முதல் பிழையை அடக்கிவைத்திருக்கிறது.

இங்கே ஆய்வகத்தில் அம்மாவின் பிழையைப் பழ ஈக்களில் வைத்து வளர்க்கிறோம். குப்பிக்குள் கால் நிற்காமல் துடிக்கும். ஒரு குப்பி மட்டும் சாதுவாக இருந்தது. தேடிப் பார்த்தால், அந்த ஈக்களில் வேறொரு மரபணுவும் பழுது. ஒரு பழுது வண்டியை விரட்டிக்கொண்டே இருக்கிறது, மற்றது பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறது. வண்டி ஒழுங்காகப் போகிறது. முள்ளை முள்ளால் எடுக்க உன் ரத்தத்துக்கும் தெரிந்திருக்கிறது.

என்னிடம் அம்மாவின் பிழை இல்லை என்பது முன்பே தெரிந்ததுதான். ஆக, இருவரும் தப்பித்தோம். அத்தானிடம் சொல்லிவிடு.

உன் சுண்டு


மார்ச் 15

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டு தப்பு சேந்தா ஒரு சரியா? நம்ம கல்யாணத்தைப் பத்தி அவகிட்ட யாரு சொன்னா?" என்றார். சிரித்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலையில் பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும்போதெல்லாம் பல்லைப் பார்க்காமல், ஆடுகிறதா என்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருடமாக. இன்றைக்குப் பல்லைப் பார்த்துச் செதுக்கினேன். "வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே சிரிக்குதே இது" என்றார் எங்கள் பல் டாக்டர்.

ஆனால் உன்மேல் ஒரு குறை. போனில் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறாய். லைன் போய்விட்டது என்று நானும் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுது என்றேன். கடிதத்திலும் அதே கதை. 'அத்தானிடம்' என்ற சொல்லுக்குப் பிறகு மை ஊறி அடுத்த தாள்வரை இறங்கியிருக்கிறது. பேனாவை ஊன்றிக்கொண்டு அப்படி என்னடி யோசித்தாய்?

இன்னொன்று. அந்தப் பிரேக் அம்மாவிடமிருந்து வந்திருக்காது. அவளிடம் இருந்திருந்தால் அவள் ஆடியிருக்க மாட்டாள். அப்படியென்றால் அப்பா கொடுத்ததா? உனக்கும் கொடுத்தாரா?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

கொடுத்திருக்கிறார். என் ரத்தத்தில் அதைத் தேடிப் பார்க்க இதுவரை தோன்றவில்லை. அடக்குவதற்கு ஒன்றுமில்லாதவளுக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

நீ கேட்ட பிறகு, இரண்டாவது பழுது மட்டும் உள்ள ஈக்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கூட்டிலிருந்து வெளிவந்ததும் செத்துவிடுகின்றன என்று நினைத்து, மாதக்கணக்காக நானே அவற்றை ஆல்கஹாலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த முறை கொட்டாமல் வைத்தேன். குப்பிச் சுவரில் வரைந்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தன. மறுநாள் பார்த்தால், எல்லாமே கொஞ்சம் மேலே இருந்தன. அவற்றுக்கு உயிர் இருக்கிறது, அக்கா. நாம் பார்க்கிற வேகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். எடுத்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. யாரோ என் தோளில் கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். வேலையில் மூழ்கிவிட்டேன் என்று நினைத்தார்களாம்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்பார்கள். எனக்கு அப்போது நினைவு தெரியாத வயது. அவர் போய்விட்டார் என்று யார் சொன்னது? எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்? நீ பக்கத்தில் இருந்தாயே.

என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர்களை அவசரப்பட விடாதே.

சுண்டு


ஏப்ரல் 19

சுண்டு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேசினால் என் குரல் உன் காதுக்குக் கொசுச் சத்தமாகக் கடந்துவிடுமோ என்னவோ. எழுத்து ஓடாது, நிற்கும்.

உன் பேராசிரியர் போன் செய்தார். "மன்னிச்சுக்கங்கம்மா, நாங்க கவனிக்கும்போதே எல்லாம் முடிஞ்சிருந்தது" என்றார்.

"முடியலை சார். நான் வர்ற வரைக்கும் அவளை யாரும் எங்கேயும் கொண்டுபோகக் கூடாது."

ஆஸ்பத்திரியில் காகிதத்தை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. கருவியில் கோடு நேராகப் போகிறது என்றார்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்றேன். டாக்டர் அத்தான் பக்கம் திரும்பி, "உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றார். "நான் கூப்பிட்டு அவ என்னைக்கு வந்திருக்கா?" என்று அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாளைவரை பொறுப்பார்களாம்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பாவை யாரும் அதிக நேரம் பார்க்கவில்லை. காலையில் அவர் வாய் மூடியிருந்தது. மதியம் எடுத்துக்கொண்டு போகும்போது, ஏதோ சொல்ல ஆரம்பித்ததுபோல் திறந்திருந்தது. நான் சொன்னேன். "பிள்ளை பயந்துபோயிருக்கு, உள்ளே கூட்டிட்டுப் போங்க" என்றார்கள்.

எழுத உட்கார்ந்தபோது உன் கண்மணி ஜன்னல் பக்கம் இருந்தது. இப்போது என் பேனா முனையில் இருக்கிறது. அத்தான் டாக்டரைக் கூப்பிடப் போயிருக்கிறார். இந்த முறை அவரையும் உட்காரச் சொல்லப்போகிறேன்.

நீ மெதுவாகவே படி.

அக்கா