நகரமன்ற வாசலில் வைத்த ரோல்ஸ்

அண்ணை,

எங்கள் தெருவின் கோடை விழாவுக்கு ரோல்ஸ் பொரித்துத் தரமுடியுமா என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி நேற்றுக் கேட்டார். வாய் தவறி ஓம் என்றுவிட்டேன். இன்று காலை எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் காய்ந்து மணம் எழும்பியதும் அந்த நகரமன்ற வாசல்தான் கண்முன் வந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்த நாட்களில் சொல்லாமல் விட்டவள், இப்போது எழுதுவதால் யாருக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு லாபமும் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்களை முதன்முதலில் கண்டது, ஜெர்மனியில் அகதிகளை வைத்திருந்த அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில். நான் தனியாக வந்து இறங்கிய பெட்டை, நீங்கள் பக்கத்து அறை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு நேரம் குறித்துத் தந்த முதல் டெர்மினுக்கு நீங்களும் கூட வந்து, அலுவலக வரிசையில் மூன்று மணித்தியாலம் எனக்காக நின்றீர்கள். அந்த மாதம்தான் அந்த ஜெர்மன் ஊர்ச் சனம் எங்களை அங்கே வைத்திருக்கக்கூடாது என்று கையெழுத்துச் சேர்த்து, அதன் பிரதியொன்றை எங்கள் படலையில் ஒட்டிவிட்டுப் போனது. நான் பயந்து அழுதேன். நீங்கள் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு அதை வரி வரியாக வாசித்தீர்கள்.

"தங்கச்சி, இது எங்களைத் தெரியாமப் போட்ட கையெழுத்து. தெரிஞ்சா போடமாட்டினம்" என்றீர்கள்.

எங்கட ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே, விசாவுக்கு அன்ட்ராக் படிவம் நிரப்பிப் போட்டாலும் சரி, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினாலும் சரி, காரியம் முடியும்வரை மூச்சு விடமாட்டோம். நாவூறு பட்டுவிடுமாம். கோயில் குளம் என்றால் சிரிக்கிற நீங்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டீர்கள். நானும் இந்த வீட்டை வாங்கியபோது திறப்புக் கைக்கு வந்த பிறகுதான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. "நல்ல வேலை செய்தனீர். நானெண்டாலும் சொல்லியிருக்கமாட்டன்" என்று சிரித்தீர்கள்.

உங்களைப் பிரிந்து அக்காவும் பிள்ளைகளும் கனடாவுக்குப் போய், நீங்கள் தனித்த பிறகு அந்த ஆற்றோரத்துக் காம்பிங் நிலத்தில் சக்கரத்தில் நிற்கிற ஒரு மொபைல் ஹோம் வாங்கினீர்கள். "சில்லு வீடு" என்று நீங்களே பகிடி பண்ணுவீர்கள். வாசலில் தக்காளிச் சாடிகள், கூட்டித் துடைத்த இரண்டு படி, உள்ளே ஒரு ஆள் திரும்பினால் மற்ற ஆள் ஒதுங்கவேண்டிய குசினி. அதில் நீங்கள் போட்டுத் தந்த தேத்தண்ணியை நான் எத்தனை தரம் குடித்திருப்பேன். பிறகு அந்த நிலத்தை உரிமையாளர் விற்றுவிட்டார், இலையுதிர்காலத்துக்குள் எல்லோரும் எழும்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு அலுவல் பாத்துக்கொண்டிருக்கிறன். சரிவரட்டும், சொல்லுறன்" என்றீர்கள்.

அதற்குமேல் நான் தோண்டவில்லை. தோண்டிக் கேட்பதும் எங்களுக்குள் மரியாதை இல்லை.

அதே கோடையில்தான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயல் பிரச்சினையாயிற்று. வயலுக்கு அப்பால் இருக்கும் மொபைல் ஹோம் குடியிருப்பைப் பெருப்பிக்க அதன் முதலாளி விரும்பினார். அதற்கு நகரமன்றம் அந்த விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்றித் தரவேண்டும். எங்கள் தெரு முழுக்க எதிர்ப்பு. அதுவரை வேலிக்கு மேலால் வணக்கம் சொன்னதோடு சரியாயிருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி, கையெழுத்துத் தாளோடு முதல்முறையாக எங்கள் குசினிக்குள் வந்து அமர்ந்தார்.

"நாங்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கவேண்டும்" என்றார். அந்த 'நாங்க'ளுக்குள் நானும் இருந்தேன், அண்ணை. இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரும் என்னைச் சேர்த்துச் சொன்னதில்லை. வீட்டின் விலை விழும் என்ற பயமும் எனக்கு இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. "அங்கே வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ, யாருக்குத் தெரியும்?" என்று அவர் சொன்னபோது தலையாட்டினேன். உங்கள் சில்லு வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தவள்தான் ஆட்டினேன். எனது மனுசன் "எங்களுக்கேன் வம்பு" என்று ஒதுங்கிவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா, மன்றம் கூடும் நாளில் வருபவர்களுக்குக் கொடுக்க ரோல்ஸ் செய்து தருகிறேன் என்று நானாகவே ஏற்றுக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மன்ற வாசலில் துண்டுப் பிரசுரங்களுக்குப் பக்கத்தில் எனது ரோல்ஸ் தட்டுகள் இரண்டு. நான் சட்டையில் எதிர்ப்புக்கென்று தந்த மஞ்சள் பட்டியைக் குத்திக்கொண்டு இரண்டாவது வரிசையில் இருந்தேன். பொதுமக்கள் பேசலாம் என்றதும் பின்னுக்கு ஒருவர் எழும்பினார். குரலைக் கேட்டுத் திரும்பினேன். எனது மகளின் கலியாணத்துக்குப் போட்ட அதே கோட்டோடு நீங்கள் நின்றீர்கள்.

எங்கட உச்சரிப்பு மாறாத ஜெர்மனில் ஆறுதலாகப் பேசினீர்கள். அந்தக் குடியிருப்பில் வரப்போகும் புது இடங்களில் ஒன்றை உங்களுக்குத் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றீர்கள். "நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. எனது வாசலை நானே கூட்டுவேன். இந்த வயதில் வேறு இடம் தேடுவது கஷ்டம்" என்றீர்கள். எங்கள் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி எனது கையைத் தட்டி, "பாவம் மனிதர். ஆனால் எல்லோரையும் நாங்கள் சுமக்க முடியாதே" என்று காதுக்குள் சொன்னார். வாக்கெடுப்பில் கைகள் உயர்ந்தன. நிலத்தை மாற்றுவதில்லை என்று முடிவாயிற்று. என்னைச் சுற்றிக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஆனால் பட்டியைக் கழற்றவும் இல்லை.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நான் ஒளிந்துதான் நின்றேன். நீங்களே தேடி வந்தீர்கள்.

"வாசல்லயே தெரிஞ்சிட்டுது தங்கச்சி. ஒண்டு எடுத்துக் கடிச்சனான். இவ்வளவு மிளகு போடுறது நீர் மட்டுந்தான்."

"அண்ணை, சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஓம். நான் சொல்லேல்லைத்தானே."

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டன்."

"எனக்கெண்டா போட்டிருக்கமாட்டீர்" என்றீர்கள். "வேற ஆரோ ஒரு ஆளுக்கெண்டா போட்டிருப்பீர்." கோபமில்லாமல்தான் சொன்னீர்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டீர்கள்.

எங்கள் கீழறையைத் தருகிறேன் என்று சொல்ல எனக்கு மூன்று கிழமை எடுத்தது. மனுசனைச் சம்மதிக்க வைக்க ஒரு கிழமை போதுமாயிருந்தது. மீதி இரண்டும் உங்கள் முகத்தைப் பார்க்கும் துணிவுக்கு. நீங்கள் "ஏலாது தங்கச்சி. நானே பூட்டித் திறக்கிற கதவு ஒண்டு எனக்கு வேணும்" என்றீர்கள். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஐப்பசியில் வுப்பர்டால் நகரத்தில், மேட்டுத் தெரு ஒன்றில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது உங்களுக்கு. சில்லு வீட்டை வாங்க ஒருவரும் வரவில்லை, உடைத்துக்கொண்டு போனார்கள். மருந்தெடுக்கும் இதய வருத்தத்தோடு அத்தனை படியும் ஏறி இறங்குவதைப் பற்றி நீங்கள் தொலைபேசியில் ஒருநாளும் முறையிடவில்லை. கடைக்குப் போவதைத்தான் குறைத்தீர்கள், பிறகு பேச்சையும் குறைத்தீர்கள். மாசியில் தபால் பெட்டி நிறைந்து வழிவதைக் கண்டு வீட்டுக்காரர் பொலிசை அழைத்திருக்கிறார். நீங்கள் கண்மூடி நான்கு நாள் ஆகியிருந்ததாம்.

முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றபோது எனக்கு அழைப்பு வந்தது. என்னை ஏன் அழைக்கிறார்கள் என்று புரியவில்லை. அங்கே போனதும் வீட்டுக்காரர் ஒரு படிவத்தைக் காட்டினார். அறை எடுத்த அன்று நீங்கள் நிரப்பியது. அவசரத்துக்கு யாரை அழைக்கவேண்டும் என்ற இடத்தில் கனடாவில் உள்ள பிள்ளைகளின் பெயர் இல்லை. உங்கள் சாய்ந்த எழுத்தில் எனது பெயர், எனது இலக்கம், உறவுமுறை: சகோதரி. திகதியைப் பார்த்தேன். மன்றத்தில் எல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதியது.

"நீங்கள்தான் சகோதரியா?" என்று பொலிஸ்காரப் பெண் கேட்டாள். ஆம் என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு தமையன் இருந்தவர் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். என்ன நடந்தது என்று கேட்பார்கள். மாரடைப்பு என்பேன். அதற்குமேல் அவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.