தெரியாது என்று சொன்னேன்

மார்ச் 12, செவ்வாய்

வெக்கை. மழையில்லை. கணக்கு ரியூசன், வெள்ளவத்தை. ஆறு கணக்கில் நான்கு பிழை.

அம்மா மாதா கோயில் சுவாமியைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போயிருக்கிறார். அவர் வரமுதல் எழுதிவிட வேண்டும்.

கடை விட்டு அப்பாவும் என் பஸ்ஸில்தான் ஏறினார். எனக்கு முன்னால் இருக்கை கிடைத்தது. அவர் பின்னால், நின்றுகொண்டு. செக்பொயின்ற். ஆமிக்காரன் ஏறி ஆண்களின் அடையாள அட்டை பார்த்தான். அப்பாவுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். தனியாகவா என்று சிங்களத்தில் கேட்டான். அப்பா என்னைக் காட்டினார். "மகே துவ." என் மகள்.

என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நெற்றியில் பொட்டில்லை. சிங்களம் எனக்குக் கொட்டாஞ்சேனைத் தெருவில் பழகியது, தமிழ் வாடை வராது. என்னைச் சிங்களப் பிள்ளை என்றே நினைத்தான் போல. சிரித்துக்கொண்டு, "நங்கி," என்றான், தங்கச்சி என்று. "இவரைத் தெரியுமா?"

ஓம் என்றால் என்னையும் இறக்குவார்கள். அந்த ஒரு நினைப்புத்தான்.

"நே," என்றேன். இல்லை என்று. இரண்டாம் தரமும் கேட்டான். "நே."

அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. "வெரதுனா, மஹத்தயா," என்றார். பிழைபட்டுப்போச்சு ஐயா என்று. இறக்கிக்கொண்டு போனார்கள். பஸ் வெளிக்கிட்டது. பக்கத்தில் இருந்த சிங்கள அன்ரி, பயந்துவிட்டேனா என்று கேட்டுத் தண்ணீர்ப் போத்தல் தந்தார். குடித்தேன்.

அப்பாவின் கடையில் வேலை செய்யும் அண்ணர் அடுத்த பஸ்ஸில் வந்தவர், றோட்டோரத்தில் அப்பாவைக் கண்டு அம்மாவிடம் சொன்னார். நான் சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

அப்பா வரவில்லை. அம்மா: "நீ அப்பாவோடை வரேல்லையோ?"

"இல்லையம்மா. நான் முந்தின பஸ்."

நம்பிவிட்டார்.

பள்ளியில் தபசுகாலப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம். சுவாமியிடம் சொல்லவேண்டிய பாவங்களைக் கட்டளை கட்டளையாகக் கொப்பியில் எழுதச் சொன்னார் சிஸ்ரர். நான்காவது, தாய் தந்தையரை மதித்து நடப்பது.

ஜெனிற்றா எழும்பி, "சிஸ்ரர், நாலாம் கட்டளைக்கு எனக்கு வேறை கொப்பி வேணும்."

"இரும், வாயாடி. முதல் அந்தப் பக்கத்தை நிரப்பும்."

எல்லாருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

எழுதியவை:
1. அம்மா கூப்பிட, கேட்காதது போல் இருந்தது.
2. அப்பா வாங்கிய சப்பாத்து வடிவில்லை என்றது.
3.

மூன்றுக்கு இலக்கம் மட்டும்.

மார்ச் 14, வியாழன்

பின்னேரம் அப்பா வந்தார். சேட்டில் இரண்டு பொத்தான் இல்லை. அடித்தார்களா என்று அம்மா கேட்க, "சீச்சீ, பிளேன்ரீ எல்லோ தந்தவங்கள்." வலது கையால் கோப்பையைப் பிடிக்கவில்லை.

"பிள்ளையும் உங்களோடை வந்திருந்தா என்ன நடந்திருக்கும், மாதாவே!"

"நல்ல காலம். நான் தனியத்தான்."

செபமாலை முடிந்ததும் நான் முழந்தாளில் நின்று தோத்திரம் சொல்ல, அப்பா நெற்றியில் சிலுவை போடுவார். வழமை. இன்று இடது கையால். அம்மா குசினிக்குள் போனதும் மெதுவாக, "இனியும் கேட்டா அப்பிடியே சொல்லு. விளங்கிச்சோ?"

"அப்பா, நான்..."

"சொல் கேக்கிற பிள்ளையெல்லே நீ."

அடித்திருக்கலாம் என்னை.

மார்ச் 16, சனி

பாவசங்கீர்த்தனம். "பொய் சொன்னேன், சுவாமி."

"எத்தனை தரம்?"

"மூன்று."

யாரிடம், என்னவென்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சொல்லியிருக்க மாட்டேன். அபராதம், மூன்று பரலோக மந்திரம்.

மார்ச் 19, செவ்வாய்

ரியூசன். அப்பா முன்கதவால் ஏறினார், நான் பின்கதவால். தெரியாதவர் போல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அப்படியே. அதே செக்பொயின்ற், வேறு ஆமிக்காரன். அட்டையைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். எங்கள் ஒழுங்கை, ஆமி இல்லை, எல்லாரும் தெரிந்த ஆட்கள். நான் வந்து சேரட்டும் என்று, முன்னால் போன அப்பா நடையைக் குறைத்தார்.

நானும் குறைத்தேன்.