விற்பனைக்கில்லாத ஆர்க்கிட்

மார்ச் 4

பண்ணைக்காரருக்கு,

இங்கே எல்லாரும் நலம், மூக்கைத் தவிர. இந்த வண்டியில் வந்த வெள்ளை, ஊதா ஆர்க்கிட்டுகள் அடிபடாமல் சேர்ந்தன. கூடவே "விற்பனைக்கு அல்ல, உங்களுக்கு" என்று சீட்டு ஒட்டி, மொட்டோடு ஒரு தொட்டி அனுப்பியிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கடையைத் திறந்தால் குப்பென்று நாற்றம். எலி செத்துவிட்டது என்று அலமாரிகளையெல்லாம் நகர்த்தினோம். தச்சரை அழைத்துத் தரைப்பலகையைப் பெயர்த்தோம். "எலி இல்லம்மா, பெருச்சாளி" என்று அவர் வேறு பயமுறுத்தினார். மேடை அலங்காரத்துக்குப் பூ எடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். கடைசியில் என் மகள் உங்கள் தொட்டியின்மேல் குனிந்து, "அம்மா, செத்தது பூத்திருக்கு!" என்று கத்தினாள்.

புல்போஃபில்லம் என்ற அந்த ஆர்க்கிட் இனத்தில் மட்டும் இரண்டாயிரம் வகை இருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பழவாசனை அடிப்பது உண்டு, குடைபோல் விரிவது உண்டு. எனக்கென்று எடுத்தது இதையா? என்மேல் என்ன கோபம்? இப்போதைக்குக் கொல்லையில் வைத்திருக்கிறேன். அடுத்த வண்டியில் திருப்பி அனுப்பவா?

கோபம் தீராமல்,
கடைக்காரி

மார்ச் 7

மதிப்புக்குரிய கடைக்காரம்மாவுக்கு,

மன்னியுங்கள். மலர்வதற்குள் நேரில் வந்து விவரம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பூ முந்திக்கொண்டது.

கோபமில்லை. அந்த இரண்டாயிரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மற்றவையெல்லாம் மனிதர் கண்ணுக்காக நாம் வளர்ப்பவை. இது நம்மைச் சட்டை செய்யாது. இதற்கு வேண்டியது ஈ. பிணமென்று நம்பி ஈ வரும். பூவின் நடுவில் நாக்குபோல ஓர் இதழ், கீல் வைத்ததுபோல் ஆடும். ஈ உட்கார்ந்ததும் சாய்ந்து, அதை மகரந்தத்தில் மோதவிடும். நல்ல வெயிலில் பாருங்கள்.

பெண் கேட்டு வருகிறவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவான். நான் முதலில் நாற்றத்தை அனுப்பிவிட்டேன். இந்தச் செடிகள் வளரும் கண்ணாடிக்கூடம் என் வீட்டோடு ஒட்டியது. பூக்கும் காலத்தில் படுக்கையறை வரை இந்த வாடைதான். சம்பந்தம் பேச வந்த ஒரு குடும்பம் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டது. செடிகளை விட்டு என்னால் வர முடியாது.

கணவர் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையை நிமிர்த்தியவர் நீங்கள். உங்களிடம் சுற்றி வளைக்கக் கூடாது. என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா? இல்லையென்றால் வெள்ளையும் ஊதாவும் வழக்கம்போல வரும். இந்தப் பேச்சு மட்டும் வராது.

பண்ணைக்காரன்

மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

வியாபார நேரத்தில் கொல்லையில் குந்தி ஈக்காகக் காத்திருந்த கடைக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வந்தது. இதழ் சாய்ந்தது. ஈ தலைகுப்புறப் போய், முதுகில் மஞ்சள் பொட்டோடு வெளியே வந்தது. ஈக்குப் பூ கொடுப்பது ஒன்றுமில்லை, ஆனாலும் வேலை முடிந்துவிட்டது! இவ்வளவு கெட்டிக்காரப் பூவை நான் இதுவரை விற்றதில்லை. இதையும் விற்கப்போவதில்லை.

பின்னால் நின்ற மகள், "உனக்குப் பிடிச்சது பூவா, ஆளா?" என்றாள். "வேலையைப் பாருடி" என்றேன். ஆனால் அவளிடம் எல்லாம் சொல்லியாயிற்று. "அவர் நாத்தத்தைச் சொல்லாம விட்டிருந்தாதான் பயப்படணும்" என்கிறாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

என் சங்கதியையும் கேளுங்கள். சாப்பிடும்போதும் வியாபாரம் பேசுவேன். குறட்டை உண்டு. கடையை விட்டு நானும் வர மாட்டேன். வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்றால் உங்களுக்கு ஒத்துவருமா, யோசியுங்கள்.

சரக்கை நல்ல நாளில் பார்த்துவிட்டு விலை பேசுபவள் இல்லை நான். உங்கள் கூடத்தில் எல்லாம் ஒன்றாகப் பூத்து, நாற்றம் உச்சத்தில் இருக்கும் நாளைச் சொல்லியனுப்புங்கள். மகளோடு வருகிறேன். தண்ணீர் குடிப்பேன், சாப்பாடும் உங்கள் வீட்டில்தான்.

நாங்கள் வருகிறோம் என்று ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டாம்.

உங்கள்,
கடைக்காரி